தற்காப்புக்காகத் தாக்க நேர்ந்தால்: முதல் மணி நேரத்திலிருந்து தீர்ப்பு வரை

தற்காப்பு என்று வாதிடுகிறவர் முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும்: அடித்தது நான்தான். "நான் அந்த இடத்திலேயே இல்லை" என்பதும் "என் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அடித்தேன்" என்பதும் ஒரே கேஸ் கட்டுக்குள் சேர்ந்து நிற்பது அரிது. நியாயமான தற்காப்பு நீதிமன்றத்தில் தோற்கும்போது சட்டத்தின் குறையைவிட, சம்பவத்தன்று இரவு செய்த காரியங்களே பெரும்பாலும் காரணமாக இருக்கின்றன. பயந்து ஊரைவிட்டு ஓடுவது, அரிவாளைக் கிணற்றில் போடுவது, தன் காயத்துக்கு வீட்டிலேயே மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பது என்று பட்டியல் நீளும். அதற்குள் எதிர்த்தரப்பு அரசு மருத்துவமனையில் படுத்து, போலீசுக்கு வாக்குமூலம் கொடுத்து, எஃப்ஐஆரும் போட்டுவிடும். அப்புறம் நீங்கள் சொல்வதெல்லாம் "பின்னால் யோசித்துச் சொன்ன கதை" ஆகிவிடும்.

இந்த வழிகாட்டி இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு நடைமுறையையும் வைத்து எழுதப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) பொருந்தும். அதற்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும். தற்காப்புப் பிரிவுகளின் உள்ளடக்கம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பழைய 96 முதல் 106 வரை இருந்தவை இப்போது 34 முதல் 44 வரை.

சட்டம் எதுவரை உங்கள் பக்கம்

பிரிவு 34 நேரடியாகச் சொல்கிறது: தற்காப்பு உரிமையைப் பயன்படுத்திச் செய்த எதுவும் குற்றமாகாது. பிரிவு 35-இன்படி இந்த உரிமை உங்கள் உடலுக்கு மட்டுமல்ல, அடுத்தவர் உடலுக்கும் உண்டு. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் காப்பாற்றப் போனவருக்கும் அது பொருந்தும். திருட்டு, கொள்ளை, சொத்துக்குச் சேதம், அத்துமீறல் ஆகியவற்றிலிருந்து சொத்தைக் காக்கவும் உரிமை உண்டு.

தாக்கியவர் இறந்தாலும் உரிமை நிலைக்கும் சூழல்களைப் பிரிவு 38 ஏழாகச் சொல்கிறது: உயிர் போகும் என்ற நியாயமான அச்சம், கொடுங்காயம் ஏற்படும் என்ற அச்சம், பாலியல் வன்புணர்வு நோக்கம், இயற்கைக்கு மாறான காம நோக்கம், கடத்தும் நோக்கம், போலீஸ் உதவியை நாட முடியாதபடி அடைத்துவைக்கும் நோக்கம், ஆசிட் வீச்சு அல்லது வீச முயற்சி. பழைய சட்டத்தில் இது பிரிவு 100. 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டத்தில் பாலியல் வன்முறைக்கு முயன்றவனைக் கத்தியால் குத்திய இளம்பெண்ணைப் போலீசார் இந்தப் பிரிவைக் காட்டியே விடுவித்தார்கள். காவல் நிலைய அளவிலேயே தற்காப்பு ஏற்கப்படுவது அபூர்வம். பெரும்பாலானவர்கள் விசாரணை முழுவதையும் கடந்துதான் வர வேண்டியிருக்கிறது.

சொத்துக்காக உயிர் போகும் அளவுக்குத் தாக்கும் உரிமை மிகக் குறுகலானது. பிரிவு 41 கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீடு உடைத்துப் புகுதல், குடியிருப்புக்கோ பொருள் வைக்கும் கட்டடத்துக்கோ தீ அல்லது வெடிபொருள் வைத்தல், உயிருக்கு ஆபத்து அல்லது கொடுங்காயம் என்ற அச்சம் தரும் வகையில் திருட்டு, சேதம், வீட்டு அத்துமீறல் ஆகியவற்றை மட்டுமே சொல்கிறது. வரப்பை வெட்டினான், வேலியைப் பிடுங்கினான் என்பதற்காக மண்வெட்டியால் தலையில் போட்டால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. காட்டுப்பன்றிக்கு என்று திருட்டு மின்சாரத்தில் கம்பி இழுத்து, அதில் ஆள் இறந்தாலும் அப்படியே. அங்கே எதிரில் தாக்குபவரே இல்லை.

உரிமைக்குத் தடை போடுவது பிரிவு 37. போலீசை நாட நேரம் இருந்தால் உரிமை இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் உரிமை இல்லை. நல்லெண்ணத்துடன் கடமை செய்யும் அரசு ஊழியருக்கு எதிராக, உயிர் அல்லது கொடுங்காய அச்சம் இருந்தாலொழிய, கை ஓங்கக் கூடாது. இதில் வழக்குகள் அதிகம் உடைவது "தேவைக்கு மேல்" என்ற இடத்தில்தான். அடிக்கும் அந்த நொடியில் யாரும் தராசு வைத்து எடை போட முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் பலமுறை ஏற்றிருக்கிறது. கோழையைப் போல் ஓட வேண்டும் என்றும் சட்டம் எதிர்பார்ப்பதில்லை. தர்ஷன் சிங் வழக்கின் 2010 தீர்ப்பு இக்கொள்கைகளையெல்லாம் ஓரிடத்தில் தொகுத்துத் தருகிறது. உங்கள் வழக்கறிஞர் முதலில் கையில் எடுக்க வேண்டிய தீர்ப்பு அதுதான். ஆனால் எதிராளி கீழே விழுந்து, ஆயுதம் கைநழுவி, அல்லது திரும்பி ஓடத் தொடங்கிவிட்டால் ஆபத்து முடிந்தது. ஆபத்தோடு உரிமையும் முடிந்தது. துரத்திப் போய்க் கொடுத்த அடி, முதுகில் விழுந்த வெட்டு, விழுந்தபின் விழுந்த மூன்றாவது நான்காவது குத்து ஆகியவை பிரேதப் பரிசோதனை அறிக்கையில் அப்படியே தெரியும்.

முதலில் தாக்கியவருக்கும், இரு தரப்பும் சண்டைக்கென்றே தயாராக வந்து மோதியபோதும் தற்காப்பு கிடையாது.

முதல் ஒரு மணி நேரம்

ஆபத்து நீங்கியதும் 112-க்கு அழையுங்கள். அடிபட்டவர் எதிராளியாக இருந்தாலும் 108-ஐயும் அழையுங்கள். முதலில் உதவி கேட்டது யார் என்பதை அழைப்புப் பதிவு நிமிடக் கணக்கில் காட்டும். ஓடியவருக்கும் அழைத்தவருக்கும் நீதிமன்றத்தில் இருக்கும் வித்தியாசம் பெரியது. கூட்டம் திரண்டு உயிருக்கு ஆபத்து என்றால் இடத்தைவிட்டு நகரலாம். அப்போது நேரே காவல் நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ போக வேண்டும். உறவினர் வீட்டுக்குப் போய் ஒளியக் கூடாது.

போனில் சொல்வது சுருக்கமாக இருக்கட்டும்: "இந்த இடத்தில் என்னைத் தாக்கினார்கள். தடுத்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் காயம். ஆம்புலன்ஸ் வேண்டும்." அவ்வளவு போதும். "வெட்டிட்டேன் சார், கோபத்துல செஞ்சிட்டேன்" என்ற ஒரு வரி பின்னால் எத்தனை விளக்கம் கொடுத்தாலும் அழியாது.

சம்பவ இடத்தில் எதையும் நகர்த்தக் கூடாது. எதிராளி கொண்டுவந்த கட்டை, கத்தி, கழன்ற செருப்பு, உடைந்த வளையல் எல்லாம் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். முடிந்தால் தொலைவிலிருந்து நான்கு திசையிலும் போட்டோ எடுங்கள். போலீஸ் போடும் பார்வை மகஜரும் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு) மாதிரி வரைபடமும் பின்னால் அதனோடு ஒத்துப்போக வேண்டும். ரத்தம் பட்ட உங்கள் துணியைத் துவைக்காமல் நிழலில் உலர்த்தி, காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடித்து ஆய்வுக்குப் பயனில்லாமல் போகும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், குடும்பக் குழுவில் குரல் பதிவு, நண்பனிடம் பெருமை எதுவும் வேண்டாம். போனிலிருந்து எதையும் அழிக்கவும் வேண்டாம். அழித்தது தெரிந்தால் அதுவே உங்களுக்கு எதிரான நடத்தை ஆகும்.

மருத்துவமனை: வழக்கின் முதுகெலும்பு

சிறு சிராய்ப்பாக இருந்தாலும் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வேறு எந்தப் படியில் தவறினாலும் இதில் மட்டும் தவறக் கூடாது. அங்கே பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் பதிவு செய்வார். நீதிமன்ற வட்டாரத்தில் இதை ஏஆர் காப்பி என்பார்கள். அதில் எழுதப்படும் "யாரால், எத்தனை பேரால், எதனால், எங்கே, எத்தனை மணிக்கு" என்ற ஒற்றை வரிதான் உங்கள் முதல் வாக்குமூலம். போலீசும் வக்கீலும் தலையிடுவதற்கு முன் சொன்னது என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

ஆகவே எண்ணிச் சொல்லுங்கள். மூன்று பேர் அடித்திருந்தால் "தெரிந்த மூன்று நபர்கள், உருட்டுக்கட்டையால்" என்று சொல்லுங்கள். "சில பேர்" என்று மழுப்பினால், குறுக்கு விசாரணையில் அந்தச் "சில" ஒன்றாகவும் ஐந்தாகவும் இழுபடும். பயத்தில் "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி எழுதப்பட்ட ஏஆர் உங்கள் தற்காப்பையே கொன்றுவிடும்.

எல்லாக் காயத்தையும் காட்டுங்கள். கை ஓங்கித் தடுத்தால் முன்னங்கையின் வெளிப்புறத்தில் கன்றிப்போகும். கத்தியைப் பிடித்தால் உள்ளங்கையிலும் விரல் மடிப்பிலும் வெட்டு விழும். இவை தடுப்புக் காயங்கள். தாக்கியவர் கையில் பொதுவாக இருக்காது. கழுத்தில் விரல் தடம், கடித்த பல் தடம், தலைமுடிக்குள் வீக்கம் எல்லாவற்றின் நீள அகலமும் நிறமும் பதிவாகட்டும். எலும்பு வலி இருந்தால் எக்ஸ்ரே கேளுங்கள். எலும்பு முறிவோ பல் உடைவோ இருந்தால் பிரிவு 116-இன்படி அது கொடுங்காயம். 15 நாள் கடும் வலியில் கிடந்தாலோ அன்றாட வேலை செய்ய முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயமே. பழைய சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது. கன்றல் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் நன்றாகக் கறுக்கும் என்பதால், தினமும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் போட்டோ எடுத்துவையுங்கள்.

தனியார் மருத்துவமனையில் அவசரச் சிகிச்சை பெற்றாலும், இது அடிதடிக் காயம் என்று அங்கே பதிவு செய்யச் சொல்லி, போலீசுக்குத் தகவல் அனுப்பச் சொல்லுங்கள்.

புகார்: எதிர் வழக்கு இல்லாமல் தற்காப்பு நொண்டும்

இரு தரப்புக்கும் காயம் என்றால் இரண்டு எஃப்ஐஆர் வர வேண்டும். இதைத்தான் கேஸ்-கவுன்டர் என்கிறார்கள். தமிழ்நாடு காவல் நிலையாணை 588-ஏ இதற்கு வழி சொல்கிறது. விசாரணை அதிகாரி இரண்டு புகாரையும் சேர்த்து விசாரித்து, முதலில் தாக்கியது யார் என்று கண்டுபிடித்து, அதற்கேற்ப ஒரு தரப்பின் மேல் குற்றப்பத்திரிகை போட வேண்டும், அல்லது இரண்டையும் முடித்துவைக்க வேண்டும். முடிவெடுக்க முடியாவிட்டால் அரசு குற்றவியல் வழக்கறிஞரின் கருத்தைக் கேட்க வேண்டும். நடைமுறையில் இரண்டிலும் கண்ணை மூடிக்கொண்டு குற்றப்பத்திரிகை போடுவது உண்டு. அது நடந்தால் உங்கள் வழக்கறிஞர் இந்த நிலையாணையைக் காட்டித்தான் கேள்வி எழுப்ப வேண்டும்.

புகாரை எழுத்தில் கொடுங்கள், ஒரு பக்கம் போதும். தேதி, நேரம், இடம், வெளிச்சம் எப்படி, யார் என்ன ஆயுதத்தோடு வந்தார்கள், என்ன சொன்னார்கள், முதல் அடி யாருடையது, எங்கே பட்டது, நீங்கள் எப்படித் தடுத்தீர்கள், பார்த்தவர்கள் யார் என்று வரிசையாக வரட்டும். எத்தனை முறை அடித்தீர்கள், எங்கே அடித்தீர்கள் என்பதை வழக்கறிஞரைப் பார்த்த பிறகே எழுதுங்கள். புகாரை வாங்கியதற்குச் சிஎஸ்ஆர் ரசீது கேளுங்கள். எஃப்ஐஆர் போட்டால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பிஎன்எஸ்எஸ், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) பிரிவு 173(2)-இன்படி அதன் நகல் இலவசம். புகாரை வாங்க மறுத்தால் 173(4)-இன்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அதற்கும் பலன் இல்லையென்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் 175(3)-இன்கீழ் மனு போடலாம். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அது இல்லாமல் மாஜிஸ்திரேட் மனு நிற்காது.

உங்கள் மேல் போட்ட எஃப்ஐஆரில் எந்த பிஎன்எஸ் பிரிவு என்று பாருங்கள். சாதாரணக் காயம் 115(2), பிடிவாரண்டு இல்லாமல் கைது செய்ய முடியாதது. ஆயுதத்தால் சாதாரணக் காயம் 118(1). கொடுங்காயம் 117(2). ஆயுதத்தால் கொடுங்காயம் 118(2), இதில் தண்டனை ஓராண்டுக்குக் குறையாமல் ஆயுள் வரை போகலாம். கொலை முயற்சி 109. தலையில் வெட்டு என்றால் 109 சேர்ப்பது வழக்கம். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் உடனே கைது செய்யாமல் பிஎன்எஸ்எஸ் பிரிவு 35(3)-இன்படி ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம். கைது செய்தால் காரணம் எழுத வேண்டும். 2014-இன் அர்னேஷ் குமார் தீர்ப்பு இதை வலியுறுத்துகிறது. 109 வந்துவிட்டால் அந்தக் கவசம் போய்விடும். எனவே முன் ஜாமீன் மனுவில் முதல் வாதமே "இந்தக் காயத்துக்கு 109 பொருந்தாது" என்பதாக இருக்கும்.

காவல் நிலையத்தில் எழுதிக் கேட்கும் "சமாதானக் கடிதம்" பற்றி ஒரு எச்சரிக்கை. உங்கள் புகாரை மட்டும் வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டால், எதிர்த்தரப்பு வழக்கு தனியே ஓடும். சமாதானம் என்றால் இரண்டுக்கும் சேர்த்துத்தான். சமரசம் செய்ய முடியாத பிரிவுகளுக்கு உயர் நீதிமன்றத்தில் பிஎன்எஸ்எஸ் பிரிவு 528-இன்கீழ் மனு தேவைப்படும்.

கைது செய்தால்

கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் (பிஎன்எஸ்எஸ் பிரிவு 47; இந்தப் பகுதியில் அடைப்புக்குறிக்குள் வரும் மற்ற எண்களும் அதன் பிரிவுகளே). உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும் (48). விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க உரிமை உண்டு, ஆனால் முழு நேரமும் அவர் கூட உட்கார முடியாது (38). பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் (58). அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவு உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துவதைத் தடுக்கிறது.

போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் அதைத் தொடர்ந்து "நான் காட்டுகிறேன்" என்று ஆயுதத்தை எடுத்துக் கொடுத்த பகுதி மட்டும் செல்லும். ஆயுதத்தை ஒளிப்பது எவ்வளவு கெடுதல் என்பது இங்கேதான் தெரியும்: அன்றே சம்பவ இடத்தில் கிடந்திருந்தால் அது எதிராளியின் ஆயுதம், புதரிலிருந்து நீங்கள் எடுத்துக் கொடுத்தால் அது உங்கள் ஆயுதம். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கூடாது.

மாஜிஸ்திரேட் "ஏதாவது புகார் உண்டா?" என்று கேட்பார். அங்கே வாயைத் திறக்க வேண்டும். "என்னை முதலில் தாக்கினார்கள், இங்கே இங்கே காயம், சிகிச்சை வேண்டும்" என்று சொல்லி, ரிமாண்ட் உத்தரவில் காயம் பதியப்படுகிறதா என்று வழக்கறிஞர் கவனிக்கட்டும். சிறைக்குள் போகும்போது சிறை மருத்துவரிடமும் அதே காயங்களைக் காட்டுங்கள். கைதுக்குப் பின் நடக்கும் மருத்துவப் பரிசோதனை (53), ரிமாண்ட் உத்தரவு, சிறைப் பதிவேடு ஆகிய மூன்றும் ஒரே காயத்தைச் சொன்னால், அது பின்னால் கட்டியது என்று யாரும் சொல்ல முடியாது.

அரசு ஊழியராக இருந்தால் இன்னொன்று: 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தற்காலிகப் பணிநீக்கம் தானாகவே வந்ததாகக் கருதப்படும். முன் ஜாமீனில் காட்டும் அவசரம் வேலையையும் காப்பாற்றும்.

வழக்கறிஞர்

சம்பவம் நடந்த எல்லைக்குட்பட்ட அமர்வு நீதிமன்றத்தில் குற்றவியல் வழக்கு நடத்துபவராக இருக்கட்டும். சொத்து வழக்கில் நல்ல பெயர் எடுத்தவர் என்பது இங்கே உதவாது. முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: காயச் சான்றில் மருத்துவரைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறாரா, கேஸ்-கவுன்டர் நடத்தியிருக்கிறாரா, சாட்சி விசாரணைக்கு அவரே வருவாரா அல்லது ஜூனியரை அனுப்புவாரா? கட்டணத்தை ஜாமீன், குற்றப்பத்திரிகை வரை, விசாரணை என்று கட்டம் கட்டமாகப் பேசி, ரசீது வாங்குங்கள். காவல் நிலையத்தில் யாரோ கைகாட்டும் வழக்கறிஞரைத் தவிர்ப்பது நல்லது.

அவரிடம் முழு உண்மையைச் சொல்லுங்கள், உங்களுக்குச் சாதகமில்லாத பகுதியையும் சேர்த்து. பாரதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 132 அந்தப் பேச்சுக்குப் பாதுகாப்பு தருகிறது. கட்சிக்காரர் மறைத்த இரண்டாவது வெட்டு மருத்துவரின் வாயிலிருந்து வெளிவந்தால், எந்த வழக்கறிஞராலும் அந்த இடத்தில் சமாளிக்க முடியாது. அண்ணன், தம்பி, மகன் என்று பலர் எதிரிகளாக (நீதிமன்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களை இப்படித்தான் சொல்வார்கள்) சேர்க்கப்பட்டிருந்தால் எல்லாருக்கும் ஒரே வாதம் பொருந்துமா என்று பாருங்கள். ஒருவர் தற்காத்தார், இன்னொருவர் அங்கே இல்லவே இல்லை என்றால் தனித்தனி வக்காலத்து வேண்டும்.

பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவோ வட்டச் சட்டப்பணிகள் குழுவோ வழக்கறிஞர் தரும். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு இல்லை. உதவி எண் 15100.

முன் ஜாமீன் மனு பிஎன்எஸ்எஸ் பிரிவு 482-இன்கீழ் வழக்கமாக முதலில் அமர்வு நீதிமன்றத்திலும், அங்கே தள்ளுபடியானால் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ போடப்படும். ஏஆர் காப்பி, காயப் போட்டோ, சிஎஸ்ஆர் மூன்றையும் இணையுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்க்கப்பட்டிருந்தால் பிரிவு 18 முன் ஜாமீனைத் தடுக்கிறது. புகாரின் முகத்திலேயே குற்றம் தெரியாவிட்டால் மட்டும் விலக்கு. மற்றபடி சிறப்பு நீதிமன்றத்தில் சரணடைந்து ஜாமீன் கேட்டு, மறுத்தால் 14-ஏ பிரிவில் உயர் நீதிமன்ற மேல்முறையீடுதான் வழி. நிலையத்தில் தினமும் கையெழுத்துப் போடும் நிபந்தனையை ஒரு நாள்கூட விடாதீர்கள்.

சிசிடிவி பதிவு அழியும் முன்

கடைகளின் கேமரா பெட்டி பழைய பதிவின் மேலேயே புதியதைப் பதியும். சில நாட்களோ சில வாரங்களோ தாண்டினால் பதிவு இருக்காது. கடைக்காரரிடம் நேரில் கேளுங்கள். அத்துடன் விசாரணை அதிகாரிக்கு "இந்தக் கேமரா, இந்த நேரம்" என்று குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். வரவழைக்க நீதிமன்றத்தில் பிஎன்எஸ்எஸ் பிரிவு 94 மனு போடலாம். நகல் எடுத்தால் சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63 சான்று, ஹாஷ் எண்ணோடு (பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்), இரண்டு பகுதியாகத் தேவை. சான்று இல்லாத பென்டிரைவ் பெரும்பாலும் மேசையிலேயே நின்றுவிடும். போனில் எடுத்த வீடியோ என்றால் அந்தப் போனையே மாற்றாமல் வைத்திருங்கள்.

விசாரணையில் தற்காப்பை நிறுவுவது

தற்காப்பை நிறுவும் பொறுப்பு சாட்சியச் சட்டத்தின் பிரிவு 108-இன்படி எதிரியுடையதே, அதாவது குற்றம் சாட்டப்பட்ட உங்களுடையதே. ஆனால் அரசுத் தரப்பைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். எதிரி கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லாவிட்டாலும், அரசுத் தரப்புச் சாட்சிகளின் வாயிலிருந்தே தற்காப்பு வெளிப்பட்டால் நீதிமன்றம் ஏற்கலாம் என்று முன்ஷி ராம் வழக்கிலேயே சொல்லப்பட்டது. அதை நம்பிச் சும்மா இருப்பது ஆபத்து. முதல் சாட்சியின் குறுக்கு விசாரணையிலேயே "முதலில் அடித்தது நீங்கள்" என்ற கேள்வி போட வேண்டும். பிஎன்எஸ்எஸ் பிரிவு 351-இல் சாட்சியத்தைப் பற்றி நீதிபதி உங்களிடம் கேட்கும்போது அதையே எழுத்திலும் கொடுக்க வேண்டும்.

எதிரியின் காயத்தை அரசுத் தரப்பு விளக்காமல் விட்டால் அது சம்பவத்தை மறைப்பதாகும் என்பது 1976-இன் லட்சுமி சிங் தீர்ப்பு. மேலோட்டமான சிராய்ப்புக்கு இந்த வாதம் வேலை செய்யாது. அதனால்தான் எக்ஸ்ரேயும் அளவுகளும் முக்கியம். உங்களுக்குச் சிகிச்சை தந்த மருத்துவரை உங்கள் தரப்புச் சாட்சியாகச் சம்மன் அனுப்பி வரவழைக்க வேண்டும். ஏஆர் காப்பியைக் கட்டில் சொருகினால் மட்டும் அது நிரூபணம் ஆகாது. பல வழக்கறிஞர்கள் சோர்ந்துவிடும் இடம் இது, விடாமல் கேளுங்கள்.

கேஸ்-கவுன்டர் இரண்டையும் ஒரே நீதிபதி, ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றின் சாட்சியத்தை மற்றதில் கலக்காமல் விசாரித்து, தீர்ப்பைத் தனித்தனியே ஆனால் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது 1990-இன் நாத்தி லால் தீர்ப்பு. ஒன்று மாஜிஸ்திரேட்டிடமும் மற்றது அமர்விலும் இருந்தால், மாற்றக் கோரி ஆரம்பத்திலேயே மனு போடுங்கள்.

உரிமை இருந்தது, ஆனால் அளவு மீறியது என்று நீதிமன்றம் கண்டால் கொலைக் குற்றம், பிஎன்எஸ் பிரிவு 101-இன் இரண்டாம் விதிவிலக்கால், பிரிவு 105-க்கு (கொலையாகாத மரணம் விளைவித்தல்) குறையும். நல்லெண்ணமும், திட்டமிடாமையும், தேவைக்கு மேல் தீங்கு செய்யும் நோக்கமின்மையும் அதற்கு வேண்டும். முழு விடுதலை கிடைக்காது என்று தோன்றும் வழக்கிலும் இந்த மாற்று வாதத்தை எழுத்து வாதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

தண்டனை வந்தால் மாஜிஸ்திரேட் தீர்ப்புக்கு எதிராக அமர்வு நீதிமன்றத்தில் 30 நாளுக்குள்ளும், அமர்வு நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் 60 நாளுக்குள்ளும் மேல்முறையீடு செய்யலாம். தண்டனை மூன்றாண்டு வரை என்றால், மேல்முறையீடு போடும்வரை ஜாமீனில் இருக்கத் தண்டித்த நீதிமன்றத்திலேயே பிஎன்எஸ்எஸ் பிரிவு 430-இன்கீழ் அன்றே மனு கொடுக்கலாம். ஆகவே தீர்ப்பு நாளன்று ஜாமீன்தாரர்கள் இருவரும் ஆவணங்களோடு நீதிமன்ற வளாகத்தில் இருக்கட்டும்.